வெறும் தண்ணீரில் செம்பு

கண்ணாடி கழுவுவது என் வேலை. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கிற ஆய்வுக்கூடம் இருக்கிறது. எட்டு வருடமாக அங்கே கழுவுகிறேன். இதுவரை உடைத்தது இரண்டு. அதில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

எட்டாவது வரை படித்தேன். பிறகு தார் சுற்றினேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் கட்டையில் நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். காலையில் அவருக்குத் தார் சுற்றி வைத்துவிட்டு நான் பஸ் பிடிப்பேன்.

நடந்ததை எழுதி வையுங்கள் என்று மேடம்தான் சொன்னார். எழுதுகிறேன்.

மேடத்துக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பள்ளியில் பாடம் நடத்தியவர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆராய்ச்சி செய்ய வந்தார். அவர் வீட்டார் கடைத்தெருவில் தலைமுறையாகப் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிறவர்கள். வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வார். என்னை அக்கா என்பார். நான் மேடம் என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் தேடியது செம்பு. கிணற்றுத் தண்ணீரிலும் ஏரித் தண்ணீரிலும் கரைந்திருக்கிற செம்பு. எங்கள் மிஷின் பழசு. நிறைய இருந்தால் காட்டும். துளி இருந்தால் காட்டாது. புது மிஷினுக்கு வழியில்லை. அதனால் மேடம் ஒரு வழி யோசித்தார். கண்ணாடிக் குழாயில் பட்டுக் கழிவைத் திணித்து, ஒரு லிட்டர் தண்ணீரை அதன் வழியாக மெதுவாக விடுவது. செம்பைப் பட்டு பிடித்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் ஆசிட் விட்டால் பிடித்ததை விட்டுவிடும். ஒரு லிட்டரில் பரவிக் கிடந்த செம்பு இரண்டு ஸ்பூன் தண்ணீரில் சேர்ந்துவிடும். பழைய மிஷினுக்கும் கண் தெரியும்.

“பட்டு சாயத்த உறிஞ்சற மாதிரி” என்றேன்.

“அதேதான்க்கா. பட்டுக்குத்தான் எங்க போறதுன்னு பாக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு கேக்கற கேள்வியா மேடம் இது?”

மறுநாள் சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு ஒரு பை நிறையக் கொண்டுபோனேன்.

எந்த ஊர்த் தண்ணீரையும் சோதிக்கும் முன் வெறும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் ஒன்றும் இருக்காது. மேடம் அதை பிளாங்க் என்பார். அது சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஏரித் தண்ணீரில் தெரிகிற செம்பு ஏரியுடையதா எங்களுடையதா என்று சொல்ல முடியாது.

முதல் நாள் ஏழு வந்தது. அடுத்த நாள் நாலு. அதற்கடுத்த நாள் ஒன்பது.

மிஷின் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். வாய்க்கு ஓய்வு கிடையாது.

“தென்னேரி ஏரியில எருமை குளிக்குது மேடம். அந்தத் தண்ணி அஞ்சு. உங்க டிஸ்டில் வாட்டர் ஒம்போது. பேசாம எருமைய இங்க கொண்டாந்து கட்டிடலாம்” என்றார்.

முதல் வாரம் மேடம் சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மேடத்தின் ஆராய்ச்சியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வெளியூரிலிருந்து பரிசோதகர் வர இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. அவர் முன்னால் பிளாங்க் நிலையாக நிற்க வேண்டும். நின்றால் மேடத்தின் நாலு வருட வேலை நிலைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டு வாங்கியிருந்தார். மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தேகம் முதலில் பட்டின் மேல் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தோம். ஆசிட்டில் ஊறப் போட்டோம். எட்டு வந்தது. ஆசிட் பாட்டிலை மாற்றினோம். ஆறு. தண்ணீரை வேறு இடத்திலிருந்து வரவழைத்தோம். ஏழு.

நடுவில் எனக்கு இரண்டு நாள் லீவு. நாத்தனார் பெண்ணுக்குக் காது குத்து. மூன்றாம் நாள் போனபோது மேடம் வாசலிலேயே நின்றிருந்தார்.

“அக்கா! நேத்து ஒண்ணு! முந்தாநேத்தும் ஒண்ணு!”

எனக்கும் சந்தோஷம். லீவில் அவரே கழுவிக்கொண்டாராம். இனி அவருக்கு எதற்குக் கஷ்டம் என்று அன்றைக்கு எல்லாவற்றையும் கூடக் கொஞ்சம் பார்த்துப் பார்த்துக் கழுவினேன்.

மறுநாள் எட்டு.

மிஷின் பார்க்கிறவர் என் தொட்டிப் பக்கம் வந்தார். “யம்மா, உங்க நாத்தனாருக்கு இன்னும் எத்தினி பொண்ணுங்க?”

“ஏன்?”

“மாசம் ஒரு காது குத்து வெக்கச் சொல்லு. நீ லீவுல போனா மிஷினு நல்லா இருக்குது. நீ வந்தா படுத்துக்குது.”

“சார், சும்மா இருங்க” என்று மேடம் அதட்டினார்.

நான் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் வரை அதையே யோசித்தேன். அவர் சொன்ன விதம் கிண்டல். சொன்ன விஷயம் கிண்டல் இல்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மேடத்திடம் போனேன். “நான்தான் மேடம்.”

“இன்னாது?”

“பிளாங்க்ல வர்றது. என்கிட்டருந்துதான் வருது.”

“போங்கக்கா. அவர் சொல்றாருன்னு நீங்க வேற.”

“நாளைக்கு சீக்கிரம் வாங்க. நான் கழுவறத உக்காந்து பாருங்க.”

வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் நான் கழுவுவதை யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் பத்து மணிக்கு வருகிறவர்கள். நான் எட்டு மணிக்கே கழுவி அடுக்கிவிடுவேன்.

முந்தின நாள் ஆசிட்டில் ஊறிய குழாய்களை எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் மூன்று அலசல். வடித்த தண்ணீரில் மூன்று அலசல். மேடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தகர டப்பாவிலிருந்து துணியை எடுத்து முதல் குழாயைத் துடைத்தேன். உள்ளேயும் விட்டுத் திருகினேன்.

“அக்கா, அது இன்னா?”

“வேட்டி.”

“யா அல்லாஹ். தொடைக்கறீங்களா?”

“பின்ன? ஈரத்தோடயா குடுப்பாங்க?”

எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் ஈரப் பாத்திரத்தில் கொடுக்க மாட்டோம். அது மரியாதை இல்லை. இங்கே படித்தவர்கள் புழங்குகிற சாமான். அதை மட்டும் சொட்டச் சொட்ட வைப்பேனா?

துடைக்கக் கூடாது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதாம். இங்கிலீஷில். என் தொட்டிக்கு நேர் மேலே. சனிக்கிழமை தோறும் அதன் மேல் தூசி தட்டியிருக்கிறேன்.

மேடம் துணியை வாங்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் கல்யாணப் பட்டு வேட்டி அது. நடுவில் கிழிந்த பிறகு துண்டு துண்டாக வெட்டி வைத்தேன். பருத்தித் துணி பஞ்சு விடும். பட்டு விடாது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஜரிகை. அது இருந்தால் துணி பிரியாது என்று அப்படியே விட்டிருந்தேன். ஜரிகை என்றால் வெள்ளி. வெள்ளியை விடச் சுத்தம் எது? முன்பெல்லாம் இந்தத் துணியால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. மிஷினுக்குத்தான் துளி தெரியாதே. மேடத்தின் பட்டுக்குழாய் வந்த பிறகுதான் தெரிந்தது.

மிஷின் பார்க்கிறவர் வந்து எட்டிப் பார்த்தார். “ஜரிகைன்னா வெள்ளி. மேல தங்க முலாம். காப்பர் எங்கருந்து வரும் மேடம்?”

மேடம் கட்டைவிரல் நீளம் ஜரிகையைப் பிரித்து ஒரு குழாயில் போட்டார். கெட்டி ஆசிட் விட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

நீலம் இறங்கியது. மயில் கழுத்து நீலம்.

நல்ல ஜரிகையிலும் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். இவ்வளவு நீலம் வராது. உள்ளே இருப்பது செம்புக் கம்பி. வெள்ளி மேலே பூச்சு மட்டும்தான். போலி ஜரிகை. இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

“இது யாரு எடுத்துக் குடுத்த வேட்டி?” என்று கேட்டார் மிஷின் பார்க்கிறவர்.

“எங்கப்பா.”

அவர் மிஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தறியில் இருந்தார். “உங்க கல்யாண வேட்டி ஜரிகை செம்புங்க. ஆசிட்ல போட்டுப் பாத்தாங்க.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நெய்யறவனுக்கு ஜரிகை தெரியாதா? மணவறையில கையில வாங்கறப்பவே தெரிஞ்சுது.”

“இருவத்திரண்டு வருஷமா ஒரு வார்த்த சொல்லல.”

“கட்டிக்கத்தான குடுத்தாரு. உருக்கறதுக்கா குடுத்தாரு?” கையை நீட்டினார். “தார் தீந்துபோச்சு. எடு.”

எடுத்துக் கொடுத்தேன். அப்பா மளிகைக் கடையில் பொட்டலம் கட்டியவர். ஜரிகை பார்க்கத் தெரியாது. நம்பி வாங்கியிருப்பார். அன்றைக்கு வீட்டுக்காரருக்குக் கேட்காமலேயே இரண்டாவது டம்ளர் காப்பி கொடுத்தேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

பரிசோதகர் வர ஆறு நாள் இருந்தது. எல்லாக் கண்ணாடியையும் மறுபடி ஆசிட்டில் போட்டேன். துடைக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து, சுத்தமான பிளாஸ்டிக் தாளால் மூடி, தானாகக் காய விட்டேன். சொட்டுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் பெரிய எழுத்தில் ‘துடைக்காதே’ என்று தமிழில் எழுதிக்கொண்டு வந்தார்.

“யாரப் பாத்து மேடம் சொல்றீங்க, தொடைக்காதேன்னு?”

“ஐயோ, மன்னிச்சுடுங்கக்கா.” அடித்துவிட்டு ‘துடைக்காதீர்கள்’ என்று எழுதினார். அந்தக் காகிதம்தான் இப்போது தொட்டிக்கு மேல் இருக்கிறது.

மறுநாள் மூன்று வந்தது.

எட்டுக்கு மூன்று நல்லதுதான். ஆனால் ஒன்று வரவில்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையையே பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். காலையில் ஜரிகைத் தார் சுற்றிவிட்டுத்தான் வருகிறேன். விரல் நுனியில் மினுக்கு ஒட்டியிருக்கும். சோப்பு போட்டாலும் ரேகைக்குள் கொஞ்சம் நிற்கும். பஸ்ஸில் வெயில் பட்டால் பளிச்சென்று தெரியும். எனக்கு அது பிடிக்கும்.

கையை மேடத்திடம் காட்டினேன்.

அவர் கிளவுஸ் எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கிளவுஸ் ஆகாது. கண்ணாடி சுத்தமா இல்லையா என்று விரல்தான் சொல்லும். வழுக்கினால் சோப்பு இருக்கிறது. கீச்சென்றால் சுத்தம். கிளவுஸ் போட்டால் எல்லாம் ரப்பர்.

“உங்க விரலு பொய் சொல்லாதுக்கா. ஆனா கூடவே எதையோ கொண்டாருது” என்றார் மேடம்.

போட்டுக்கொண்டேன். அந்த வாரம் ஜரிகைத் தாரை வீட்டுக்காரரே சுற்றிக்கொண்டார். நாலு சுற்றினால் ஒன்று நழுவியது. “எத்தினி நாளுக்கு இந்தக் கூத்து?” என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றேன்.

அடுத்த நாள் ஒன்று வந்தது. அதற்கடுத்த நாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும்.

“சுழி வர வேணாமா மேடம்?”

“சுழி யாருக்கும் வராதுக்கா. தெனம் அதே ஒண்ணு வந்தா போதும்.”

அது எனக்குப் புரிந்தது. குறுக்கே போகிற ஊடை நூலை மெல்லத் தட்டினாலும் சரி, பலமாகத் தட்டினாலும் சரி, முழுச் சேலைக்கும் ஒரே தட்டாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். உயரமானவர். குரல் சன்னம். எல்லாக் காகிதத்தையும் படித்தார். பிறகு, “பிளாங்க்கை என் எதிரில் செய்யுங்கள்” என்றார்.

மேடம் குழாயைத் தாங்கியில் பொருத்தினார். நான் கிளவுஸோடு பட்டை எடுத்துக் கொடுத்தேன். பரிசோதகர் ஆர்வமாகக் குனிந்தார். “இது இந்த ஊர்ப் பட்டுதானா?” என்று கேட்டுக்கொண்டே, குழாயின் வாயிலிருந்து பட்டைக் கிள்ளிப் பார்க்கக் கை நீட்டினார்.

அவர் மோதிர விரலில் பாம்பு போல் சுற்றிய மோதிரம். செம்பு.

மேடம் பார்த்துவிட்டார். மிஷின் பார்க்கிறவரும் பார்த்துவிட்டார். கையெழுத்துப் போடப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

“ஐயா, தொடாதீங்க” என்றேன்.

கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“செம்பு மோதிரம் போட்டுக்கினு இருக்கீங்க. அது தண்ணில வந்துடும்.”

மிஷின் பார்க்கிறவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பரிசோதகர் மோதிரத்தைப் பார்த்தார்.

“ஜோசியர் போடச் சொன்னாரும்மா” என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

“இருக்கட்டுங்க. அதும்மேல கிளவுஸ் போட்டுக்கோங்க.”

கிளவுஸ் பெட்டியை நீட்டினேன். போட்டுக்கொண்டார். பெரிய கை, மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் பட்டை ஆசை தீரக் கிள்ளிப் பார்த்தார்.

தண்ணீர் இறங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மிஷின் பார்க்கிறவர் சத்தமாகப் படித்தார். “ஒண்ணு.” மறுபடி வைத்தார். “ஒண்ணு.” அப்புறம் தென்னேரித் தண்ணீர். “மூணு.”

“இது ஏரியோடது சார். எங்களது இல்ல” என்றார் மேடம். குரல் அப்போதுதான் நிதானமாக வந்தது.

வேறு எங்கிருந்தெல்லாம் செம்பு வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பரிசோதகர் கேட்டார். மேடம் என்னைக் காட்டினார்.

“என் துணியிலயும் கையிலயும் இருந்துதுங்க. கழுவறத உக்காந்து பாத்தாங்க. தெரிஞ்சுது” என்றேன்.

“நான் எங்கள் ஊரில் போய் இதைத்தான் முதலில் செய்யப் போகிறேன்” என்றார் அவர். “எங்கள் பிளாங்க்கும் சரியில்லை.”

நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் தொட்டியில் இருந்தேன். மேடம் வந்து பின்னால் நின்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கிளவுஸுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டேன். அவர் கை ஜில்லென்று இருந்தது.

மிச்சக் குழாய்களுக்குப் புது ஜோடி கிளவுஸ் எடுக்க வேண்டியதாயிற்று.