மரத்தடியில் ஒரு ஜெபம்

அவர் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டுகிறவர். நான் தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்கப் போன அதிகாரி. சாமி நம்பிக்கை இல்லாதவன். அவருக்கு ஒட்டிய கன்னம், வெயிலில் வெளுத்த ஹெல்மெட். ஒவ்வொரு மரத்தடியிலும் நெற்றியில் சிலுவை போட்டு, உதட்டை அசைத்துவிட்டுத்தான் கத்தி கட்டிய கம்பைத் தூக்குவார்.

“பாத்து வெட்டுனா போதும் லா. கடவுளா வந்து குலையப் பிடிக்கப் போறாரு?” என்றேன்.

“இல்ல சார். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

நகர்ந்தேன். அவர் கம்பை இழுத்ததும், நான் நின்றிருந்த இடத்தில் குலை தொப்பென்று விழுந்தது.

“அப்படி என்னதான் வேண்டிக்கிறீங்க?”

“கீழ யாரும் நின்னுடக் கூடாதுன்னு சார்.”

அறிக்கையில் அவருக்கு எல்லாம் சரி என்று எழுதினேன். நான் நின்ற இடத்தைப் பற்றி எழுத அதில் கட்டமே இல்லை.