பெனிஷா அக்காவும் பூட்டிய வைஃபையும்

புதுச்சேரியைக் கட்டி ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கே எட்டாத உப்பளம் பகுதி வீட்டு ரகசியமெல்லாம் எங்கள் பெனிஷா அக்காவுக்கு அத்துப்படி. எந்த வீட்டில் யார் எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கிறார்கள் என்று ஒரு கம்பெனிக்காகக் கணக்கெடுப்பது அவர் வேலை. அதற்காக வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியை வைப்பார். வைஃபையில் போவதெல்லாம் ரகசியக் குறியீட்டால் பூட்டியிருக்கும் என்பதால் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. யார் போனில் எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் தெரியும்.

அந்தக் கருவியை யாராவது சும்மா விட்டால்தானே? மிக்சி போட ஒரு வீட்டில் பிடுங்குவார்கள். கதிர்வீச்சு வருமென்று இன்னொரு வீட்டில் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். கணக்கே வராவிட்டால் வேலை போய்விடும் என்று அக்கா அம்மாவிடம் புலம்பினார். எங்கள் வீட்டிலும் ஒரு கருவி இருந்தது; அம்மாவோ தவக்காலம் முழுக்க எதையும் பார்க்க மாட்டார். அதனால் அவர் போனில் நானே சத்தமில்லாமல் வீடியோ ஓடவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்ததும் அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏன்டா, பெரிய வெள்ளிக்கிழம மூணு மணிக்கு உங்கம்மா எங்க?”

“கோயில்ல. போனை ஊட்ல வச்சிட்டுப் போனாங்க.”

“அப்ப போனே குந்திக்கினு படம் பாத்துச்சா? பாக்காத வீட்டுக்கு சைபர்னு வந்தாலும் அது கணக்குதான்டா! பொய்க் கணக்கு வந்தாதான் என்னைத் தூக்குவாங்க. எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லிடாத, அடிச்சிடுவேன்.”