பென்சனின் இரண்டாவது வாத்தியம்

ராஜபாளையத்தில் பென்சனைப் போல டிரம்பெட் ஊத ஆளில்லை. அவன் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவன் நான். அதனால்தான் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சின்ன வயதிலிருந்து அவன் பக்கத்தில் நிற்கிறேன். சிவப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இருந்தால் ஆளை வண்டியில் ஏற்ற மாட்டான். அட்வான்ஸ் வராமல் தேதி குறிக்க மாட்டான். கல்யாண வீட்டில் யாராவது "ஏலே, ஊதுலே" என்று சொல்லிவிட்டால், டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவான். சொன்னவர் வந்து மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அசைய மாட்டான். இந்த ரோசத்தால் நாங்கள் இழந்த பந்திச் சாப்பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ரோசம் அவன் அப்பா அருளப்பனிடமிருந்து வந்தது. மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பறையடித்தவர் அவர். அடித்தவர் என்பதைவிட, அடிக்க வைக்கப்பட்டவர் என்பதே சரி. பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிவிட்டான் என்பதற்காக அங்கே யாரும் கூப்பிடாமல் இருந்துவிடவில்லை. ஒருமுறை மூத்த மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது ஆள் வந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். பிணத்தை எடுத்த பிறகு போ என்றார்கள். எடுத்து முடித்து அவர் திரும்பி வந்தபோது வீட்டிலும் ஒரு பிணம் இருந்தது.

மகளை அடக்கம் செய்த அன்றே பறையைத் தீயில் போட்டார். மனைவி ரோசம்மாளைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு நடந்தே வந்து மில்லில் சேர்ந்தார். பென்சன் அதற்குப் பிறகு பிறந்தவன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்து டிரம்பெட் கற்றுக்கொண்டதில் அப்பாவுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். "அந்தச் சத்தம் என் வாசப்படி ஏறக் கூடாது. என் சாவுக்கும் கேக்கக் கூடாது. பேண்டு வச்சுத் தூக்குங்க" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி ஓடி வந்தவர்கள்தான். என் அப்பாவும் பறையை விட்டுவிட்டு அதே வழியாக வந்தவர்.

கொரோனாவில் படுத்த பேண்டுத் தொழில் அப்புறம் முழுசாக எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு டிஜே, கோயில் கொடைக்குச் செண்டை மேளம். எங்களுக்கு மிஞ்சியது சாவும் சப்பரமும். அந்தச் சமயத்தில்தான் மம்சாபுரம் மாரிக்கனி பென்சனைத் தேடி வந்தாள். பறைக்குழு நடத்துகிறவள். அரசாங்கம் நாட்டுப்புறக் கலைக்குழுக்களுக்கு வாத்தியம் தருகிறது, உடை தருகிறது, மேடை தருகிறது. குழுவில் ஓர் ஆள் குறைகிறது என்றாள். டிரம்பெட்டைச் சேர்க்க மாட்டார்களா என்று பென்சன் கேட்டான்.

"டிரம்பெட்டு நாட்டுப்புறம் இல்லையாம்ணே" என்றாள்.

நாட்டுப்புறத்துச் சாவுக்கெல்லாம் ஊதித் தேய்ந்த வாய் எங்களுடையது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பென்சன் இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னலே செய்வ?" என்றேன்.

"தெரியாமப் பாத்துக்கிடணும். மேடையிலதானலே அடிக்கப் போறேன், சாவுலயா அடிக்கப் போறேன்?"

கை கொப்புளிக்கக் கொப்புளிக்க மாரிக்கனியிடம் கற்றுக்கொண்டான். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கலைவிழாவில் குழுவோடு மேடையேறினான். பேசிய ஒருவர், இது இவர்கள் ரத்தத்திலேயே ஊறிய கலை என்றார். ரத்தமாவது ஒன்றாவது, அவன் விரலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனால் "கலைஞர் பென்சன் அவர்கள்" என்று மைக்கில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியபோது அவன் அழுதுவிட்டான். கூட்டத்தில் நின்ற நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். அவனை இத்தனை மரியாதையாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அரசாங்கம் கொடுத்த பறை மாரிக்கனி வீட்டிலேயே இருந்தது. ஒத்திகைக்குப் போகிற நாளெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியம் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக வீட்டில் சொல்வான். வரும்போது அப்பாவுக்குப் பால்கோவா வாங்கி வருவான். பல்லில்லாத வாய்க்கு அது தோதாக இருந்தது. கிழவர் சப்புக்கொட்டித் தின்னும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன மாசி மாதம் அருளப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தண்ணீர் கொடுக்கப் போன மகனின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். குச்சி பிடித்துக் காய்த்திருந்த விரலை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"டிரம்பெட்டு ஊதுனா இந்த விரல் காய்க்குமாலே?" என்றார்.

பென்சன் தண்ணீரை அவர் வாயில் வைத்தான். கிழவர் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வாரமே போய்விட்டார்.

சாவு வீட்டின் குழப்பத்தில் பென்சன் ஒரு காரியம் செய்தான். குழுவின் வாட்ஸ்அப்பில் 'அப்பா தவறிட்டாவ' என்று ஒரு வரி போட்டான். அடுத்த வாரம் மேடைக்கு வர முடியாது என்று சொல்வதற்காகப் போட்டது அது. ஆனால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் எல்லோரும் வந்து, ஒரு ரூபாய் வாங்காமல், அடக்கம்வரை அடிப்பார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கை பழகினானே தவிர, அந்த வழக்கம் அவன் புத்தியில் ஏறவில்லை.

நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றோம். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் வைக்கோலைக் குவித்துத் தீ மூட்டி, தோல் இறுகப் பறைகளைச் சூடுகாட்டத் தொடங்கினார்கள். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் புகை வாசத்துக்குத் தலையைத் தூக்கினாள். பென்சன் ஓடினான். நானும் ஓடினேன்.

"மாரிக்கனி, அடிக்க வேண்டாம்மா."

"நாங்க காசுக்கு வரலண்ணே."

"அது தெரியும். அடிக்க மட்டும் வேண்டாம்."

அவள் அவனையே பார்த்தாள். "மேடையில பொன்னாடை போத்தும்போது இனிச்சுது. வீட்டு வாசல்ல கசக்குதோ?"

அவன் அக்காள் செத்த கதையைச் சொன்னான், அங்கேயே, தீக்குப் பக்கத்தில் நின்று. அப்பாவின் கடைசி ஆசையையும் சொன்னான். குழுவில் இருந்தவர்கள் குச்சியை இறக்கிவிட்டார்கள்.

"எங்க வீட்டுலயும் அப்படி ஒரு கதை இருக்குண்ணே," என்றாள் மாரிக்கனி. "எங்கய்யா பறைய எரிக்கல, அம்புட்டுத்தான்."

பறையைத் துண்டால் மூடினாள். மற்றவர்களும் மூடினார்கள். திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. நாங்கள் வாசித்துக்கொண்டு முன்னே போக, கல்லறைத் தோட்டம்வரை அவர்கள் பின்னால் சும்மா நடந்து வந்தார்கள். பென்சன் அன்று வாசித்த லட்சணத்தை நான் சொல்லக் கூடாது. பாதிப் பாட்டில் காற்றுதான் வந்தது. எனக்கு அவன் மேல் கோபமும் இருந்தது, அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் மாரிக்கனி வேனிலிருந்து ஒரு பறையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இது ஒங்களுக்குக் குடுத்த பறை. இனிமே எங்க வீட்டுல ஒளிச்சு வைக்க முடியாது. வாரதும் வராததும் ஒங்க இஷ்டம். வந்தா இதைத் தூக்கிட்டு நேரா ஒங்க வீட்டுல இருந்து வாங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. பென்சன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பினான். ரோசம்மாள் வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிடுவாள் என்று நினைத்தேனோ, கத்துவாள் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. அவள் இரண்டும் செய்யவில்லை.

"அவிய இதைத் தீயில போட்டுட்டு எம்புட்டுத் தூரம் நடந்து வந்தாவ தெரியுமாலே?" என்றாள். "நீ பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்திருக்கியே."

பென்சன் படியேறவில்லை. என் பக்கம் திரும்பிப் பறையை நீட்டினான். என் வீட்டுச் சுவரில் என் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. நான் கையை நீட்டவில்லை.