கமிட்டி வீட்டுக் கணப்பு

அவர் பிறப்பதற்கு முன்பே, வெளியே வருவதா வேண்டாமா என்று உள்ளுக்குள் ஒரு வாரம் ஆலோசனை நடத்தினாராம். மருத்துவச்சி நடுவில் இரண்டு முறை வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாளாம். கடைசியில் அம்மாக்காரி வலி பொறுக்காமல், "வந்து தொலைடா!" என்று கத்திய பிறகுதான் ஐயா ஒரு முடிவுக்கு வந்தாராம். அவருடைய மனைவி இதைச் சொல்லாத ஆள் கிடையாது. மாமியார் உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதை வைத்துப் பார்த்தால் இது முழுப் பொய்யாக இருக்க முடியாது.

பெரிய மருத்துவமனை ஒன்றில் கொள்முதல் பிரிவு அவர் கையில் இருந்தது. பஞ்சு முதல் படுக்கை வரை எது வாங்கினாலும் மூன்று கம்பெனியிடம் விலை கேட்க வேண்டும், மாதிரி வாங்க வேண்டும், சோதிக்க வேண்டும், ஒப்பிட வேண்டும். நல்ல விதிதான். அவர் கையில் அது படுத்த பாடுதான் வேறு. துடைப்பம் வாங்க அவர் ஆய்வு முடித்தபோது, கூட்ட வேண்டிய வார்டையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். தன் காலத்தில் தப்பான பொருள் ஒன்றுகூட வாங்கியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். உண்மைதான். வாங்கினால்தானே தப்பாவதற்கு!

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் கமிட்டி. அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு.

கமிட்டியின் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக் கன்னம் வீங்கி வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பூக்கொத்து கொண்டுவந்த காலத்திலேயே இரண்டு கடையில் இரண்டு கொத்து வாங்கி வருவார். "எது முதல்ல வாடுதுன்னு பார்த்துச் சொல்லு." அப்போது அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இளம் வயதில் நமக்கு எதுதான் வேடிக்கையாக இருக்கவில்லை!

போன குளிர்காலக் கடைசியில் வீட்டிலிருந்த எண்ணெய் ஹீட்டர் இருமி இருமிச் செத்தது. அதற்குப் பதிலாக, நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகு, கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு வந்து உட்கார்ந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, அடியில் சாம்பல் தட்டு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். விற்றவன் போகிற போக்கில், "இதுல விறகும் எரிக்கலாம், மரத்தூளை அழுத்திச் செங்கல் மாதிரி வருதே, பிரிக்கெட், அதையும் எரிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். பாவி, ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த நேரத்தில்தான் பெரியக்காவின் விஷயம் வந்தது. மனைவியின் உடன்பிறந்தவள். ஆஸ்பத்திரிகளில் மேட்ரனாக இருந்து நர்சுகளை நடுங்கவைத்து ஓய்வுபெற்றவள். தனியாக இருந்தாள். நெஞ்சில் சளி கட்டி, குளிர் வந்தால் மூச்சு விசில் அடிக்கும். இந்தக் குளிரைத் தனியாகத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கைகள் இருவரில் யார் வீட்டுக்குப் போவது? சின்னவள் வீட்டில் தரைக்கு அடியிலேயே சூடு ஓடும் வசதி உண்டு. ஆனால் அந்தச் சூட்டோடு சூடாகச் சமையல், துணி, இரண்டு வால் பிள்ளைகள் எல்லாம் அக்கா தலையில் விழும். போன வருஷம் போய்வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள்.

"எனக்கு உன் வீடுதான் பிடிக்கும்" என்று போனில் சொன்னாள் அக்கா. "ஆனா வீடு சூடா இருக்கணும், புகை இருக்கக் கூடாது. என் நெஞ்சு தாங்காதுடி. இல்லேன்னா சொல்லிடு, நான் சின்னவ வீட்டுக்கே போய்ச் சட்டி கழுவறேன்."

"நீ வா அக்கா. எல்லாம் தயாரா இருக்கும்" என்றாள் இவள். வாக்கு கொடுத்தவள் அவள். நிறைவேற்ற வேண்டியவர் கமிட்டி. அங்கேதான் கோளாறு.

"விறகா பிரிக்கெட்டா, ஏதாவது ஒண்ணை வாங்கிப் போடுங்களேன்" என்றாள் கணவரிடம்.

"ஏதாவது ஒண்ணா?" கமிட்டி கண்ணாடியைக் கழற்றினார். "நெஞ்சு நோயாளி வர்ற வீடும்மா இது. சும்மா வாங்கிட முடியுமா? ஆய்வு பண்ணணும்."

ஆய்வு தொடங்கியது. விறகு ஒரு வண்டி, பிரிக்கெட் ஒரு வண்டி. விறகுக் கட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பது அவர் கண்ணை உறுத்தியது. அளவு வேறானால் ஒப்பீடு எப்படிச் செல்லும்? ஒரு தச்சரை வரவழைத்து, கட்டைகளை அறுத்து இழைத்து, பிரிக்கெட்டின் நீள அகலத்துக்கே கொண்டுவரச் சொன்னார். தச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இழைப்புளியை எடுத்தார். இழைத்த சுருளையெல்லாம் சாக்கில் கட்டி எடுத்துப்போனார். அந்தத் தெருவில் அந்த வருஷம் முதலில் சூடான வீடு தச்சருடையது.

அடுத்தது சேமிப்பு. விறகைக் காற்றாட வெளியே அடுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். கொல்லைச் சுவரோரமாக, மேலே மூடாமல், அழகாக அடுக்கினார். பக்கத்திலேயே பிரிக்கெட்டையும் உறையைப் பிரித்து அதே உயரத்துக்கு அடுக்கினார்.

"அதை ஏங்க வெளியில வைக்கிறீங்க? அது தூள்தானே?"

"சம நிபந்தனைம்மா. ஒண்ணுக்கு வெளி, ஒண்ணுக்கு உள்ளேன்னா அது ஆய்வு இல்ல, சலுகை."

மழை அதற்காகவே காத்திருந்ததுபோல் வந்தது. விறகு நனைந்து கறுத்தது. பிரிக்கெட் தண்ணீரைக் குடித்து, உப்பி, வெடித்து, சரிந்து, காலையில் பார்த்தால் கொல்லை முழுக்கக் கஞ்சி. செருப்போடு காலை வைத்தால் கணுக்கால்வரை போயிற்று. மாடி வீட்டுக்காரர் சாளரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், யானைக்குச் சாப்பாடா?"

கமிட்டி உள்ளே வந்தார். நனைந்தபோது பிரிக்கெட்டின் நடத்தை திருப்திகரமாக இல்லை என்று மனைவியிடம் மட்டும் தெரிவித்தார்.

"மனுஷன் நனைஞ்சாலே திருப்தியா இருக்காதுங்க!"

மறுபடி ஒரு வண்டி பிரிக்கெட். இந்த முறை பாடம் கற்றுக்கொண்டார், அதாவது அவர் கற்றுக்கொள்ளும் விதத்தில். பிரிக்கெட்டை உறையோடு வராந்தாவில் வைத்தார். சம நிபந்தனைக்காக, சொட்டச் சொட்ட நனைந்திருந்த விறகையும் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, பக்கத்திலேயே வைத்தார். உள்ளே விறகு வியர்த்தது. வியர்வை ஒழுகி வராந்தாத் தரையில் தேங்கி, அடியிலிருந்த பிரிக்கெட் உறைகளின் தையல் வழியே ஏறியது. விரிப்பைப் பிரித்தபோது கட்டைகள்மேல் காளான் காதுகாதாக முளைத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்குள் குளிர் வந்துவிட்டது. குளிருக்கு ஆய்வு கிய்வு ஒன்றும் கிடையாது, நேரே உள்ளே வந்துவிடும். மனைவி இரண்டு ஸ்வெட்டர் மேல் சால்வை சுற்றிக்கொண்டு சமைத்தாள். கமிட்டி தொப்பி போட்டுக்கொண்டு யோசித்தார்.

அக்கா வருகிற நாளில் சகலைதான் அவளை ரயிலடியிலிருந்து தன் காரில் அழைத்துவந்தார். சகலை என்றால் சின்னவளின் புருஷன். உதவி செய்ய ஓடோடி வருகிற ஜாதி இல்லை அவர். பெட்டி இறங்காவிட்டால் அப்படியே தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற கணக்கில், இன்ஜினை அணைக்காமல் வாசலில் நின்றார்.

அக்கா ஓவர்கோட்டும் மஃப்ளருமாக உள்ளே வந்தாள். வாயிலிருந்து ஆவி வந்தது.

"ஏண்டி, வெளியிலதான் கொஞ்சம் இதமா இருந்துது."

"உட்காருங்கக்கா, இதோ பத்த வெச்சாச்சு" என்று கமிட்டி கணப்புக்குள் ஒரு விறகை வைத்தார். நேர்மை விடாமல் ஒரு பிரிக்கெட்டையும் வைத்தார். ஈர விறகு சீறியது. ஈரம் ஏறிய பிரிக்கெட் முனகியது. கமிட்டி இரும்புக் கோலால் கிளறினார். பிரிக்கெட் உதிர்ந்து, இருந்த கங்குகளையும் மூடியது. கண்ணாடி கறுத்தது. கதவிடுக்கு வழியே புகை கூடத்துக்குள் சுருள்சுருளாக வந்து, வீட்டு ஆளைப்போல் சோபாவில் உட்கார்ந்தது.

அக்கா இருமினாள். இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் விசில் கிளம்பியது. இவள் ஓடிப்போய்ச் சாளரத்தைத் திறந்தாள். புகை போயிற்று, கூடவே மிச்சமிருந்த சூடும் போயிற்று.

சகலை உள்ளே தலையை நீட்டினார். "பெரியக்கா, நம்ம வீட்ல தரையில கால் வெச்சாலே வெதுவெதுன்னு இருக்கும். பசங்க உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

"என்னைக் கேக்கறாங்களா, என் கைச் சோத்தைக் கேக்கறாங்களா?" என்று இருமலுக்கு நடுவே கேட்டாள் அக்கா. ஆனாலும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். தங்கையைப் பார்த்து, "என்னடி பண்றது, மூச்சு விடணுமே" என்றாள். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் தங்கையைச் சுட்டது.

"காய்ஞ்சது ஒண்ணுமே இல்லையா இந்த வீட்டுல?" என்று கணவரைப் பார்த்துக் கத்தினாள்.

கமிட்டி விட்டத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அந்த மட்டும் சரி. "மாதிரி இருக்கு. ஆனா அதைத் தொடக் கூடாது."

"என்ன மாதிரி?"

"சீல் வெச்ச மாதிரி. எந்தக் கொள்முதலுக்கும் முதல் நாள் வந்த சரக்குல கொஞ்சம் எடுத்து, துணியில கட்டி, அரக்கு முத்திரை போட்டு வைக்கணும். பின்னாடி வர்ற சரக்கை அதோட ஒப்பிட்டுப் பார்க்க. விதி."

"எங்க?"

 அவர் கண் படுக்கையறை அலமாரியின் உச்சிக்குப் போய்வந்தது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அது போதாதா? நாற்காலியைப் போட்டு ஏறினாள். அங்கே இரண்டு மூட்டைகள், பச்சைக் குழந்தைகளைப்போல் துணி சுற்றி, வயிற்றில் சிவப்பு அரக்கோடு படுத்திருந்தன.

"ஏய், சீலை உடைக்காதே! அப்புறம் எதை வெச்சு ஒப்பிடறது?"

"உங்க தலையை வெச்சு!"

அரக்கை நாற்காலிக் கையில் மோதி உடைத்தாள். கட்டைகள் ஒன்றோடொன்று பட்டபோது கணீர் என்று சத்தம் வந்தது. கணப்பிலிருந்த ஈரக் குப்பையை முறத்தில் வாரிக் கொல்லையில் கொட்டினாள். அடியில் ஒரு கட்டையிலிருந்து கத்தியால் சீவிய மெல்லிய சிராய், மேலே கட்டை, காற்றுத் திறப்பு முழுதாக. தீ ஒரே மூச்சில் பிடித்தது. கிளறப்போன கமிட்டியின் கையிலிருந்து இரும்புக் கோலைப் பிடுங்கிச் சமையலறைக்குள் வீசினாள். கட்டை கங்கானதும் பிரிக்கெட்டை வைத்தாள். அது அலட்டிக்கொள்ளாமல் சிவந்தது. புகை, போக வேண்டிய வழியே குழாய்க்குள் ஏறி மரியாதையாக வெளியேறியது. சாளரத்தைச் சாத்தினாள்.

சகலை ஹாரன் அடித்தார். அக்கா பெட்டியைப் பிடித்தபடியே நின்று நெருப்பைப் பார்த்தாள். விசில் மெல்ல அடங்கியது. மஃப்ளரை அவிழ்த்தாள்.

"எது நல்லா எரியுதுக்கா?" என்று ஆர்வமாகக் கேட்டார் கமிட்டி. "விறகா, பிரிக்கெட்டா?"

"ரெண்டும் சுடுது மாப்பிள்ளை. நெருப்புன்னா அப்படித்தான்." ஓவர்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். வாசல் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்புங்க தம்பி, பெட்ரோல் வீணாகுது. சின்னவளைச் சமைக்கச் சொல்லுங்க, அவளுக்கும் கை இருக்கு" என்றாள்.

கார் போன சத்தம் கேட்டதும் தங்கை போனை எடுத்தாள். நாளைக் காலையில் ஒரு வண்டி பிரிக்கெட், உறை பிரிக்காமல், வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கமிட்டி பதறினார். "எந்த அடிப்படையில முடிவு பண்ணினே?"

"அந்தக் கடை நம்பர்தான் மனசுல நின்னுது."

இதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை அவர் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை.  ஆனாலும், குளிர் பொறுக்காமல், இருப்பதிலேயே நல்ல நாற்காலியைக் கணப்புக்கு முன்னால் இழுத்துப்போட்டு, காலுறையைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் கண்ணாடிக்கு நேராக நீட்டிக்கொண்டார். "இது இடைக்கால ஏற்பாடுதான்" என்று நெருப்புக்குத் தெரிவித்தார்.

"மாப்பிள்ளை, காலைக் கொஞ்சம் நகர்த்துங்க, எனக்குச் சூடு வரல" என்றாள் அக்கா. "எந்தக் காலைன்னு உட்கார்ந்து யோசிக்காதீங்க. ரெண்டையும்தான்."