அட்டை வண்டி திரும்பிய மூலை

முப்பது வருஷமாகத் தெருக்களுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. கார், குப்பை லாரி, தீயணைப்பு வண்டி என்று ஒவ்வொன்றையும் அளவாக அட்டையில் வெட்டி, வரைபடத்தின் மேல் விரலால் தள்ளி, எல்லா மூலையிலும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். ஆபீசில் அவர் பெயரே அட்டைக்காரர். கேலியை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இந்தப் புதுக் குடியிருப்பில் இருநூறு வீடு. தீயணைப்பு வண்டி அட்டை எல்லா மூலையிலும் ஜம்மென்று திரும்பியதால், அங்கெல்லாம் கார் நிறுத்தவும் இடம் ஒதுக்கிவிட்டார். கட்டுகிறவர்களுக்கு வாயெல்லாம் பல். அவர் தங்கையும் கடைசித் தெருவில் வீடு வாங்கினாள். அவள் கணவருக்கு நடக்க முடியாது. தீப்பிடித்தால் இவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்ற பயத்திலேயே பழைய சந்து வீட்டை விற்றவள். "வண்டி உன் வாசலுக்கே வரும், நான் பொறுப்பு" என்று வாங்க வைத்தவர் அண்ணன்தான்.

குடிவந்த மறுவாரம் ஒத்திகை. தீயணைப்பு வண்டி முதல் மூலைக்கு வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. நிறுத்தியிருந்த காரை உரசாத குறை. டிரைவர் இறங்கி வந்தார்.

"சார், இது திரும்பாது."

"ஓட்டத் தெரியலன்னு சொல்லுங்க" என்றார் சைட் இன்ஜினியர்.

அட்டைக்காரர் வரைபடத்தை ஒரு காரின் மேல் விரித்து அட்டையைத் தள்ளிக் காட்டினார். அழகாகத் திரும்பியது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"இதானே சார் என் வண்டி? படத்துல பக்கத்துல நிக்கிற காரும் இதே நீளம் இருக்கே."

அட்டைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட்டையைத் திருப்பினார். பின்னால் அவர் கையெழுத்திலேயே ஐந்நூறு என்று இருந்தது. ஐந்நூறு மடங்கு சுருக்கிய படத்துக்கு வெட்டியது. இந்தப் படமோ பெரிய தாளில், இருநூற்றைம்பது மடங்குதான் சுருக்கியது. தாள் மாறியபோது அட்டையை மாற்ற மறந்திருக்கிறார். பாதி வண்டியை வைத்து இருநூறு வீட்டுக்குத் தெரு போட்டிருக்கிறார்.

"டிரைவர் தப்புன்னே எழுதிடலாம் சார்" என்று இன்ஜினியர் காதோரம் சொன்னார்.

அட்டைக்காரர் கடைசித் தெருவுக்கு நடந்தார். தங்கை கணவர் சக்கர நாற்காலியில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா, வண்டி வரலையா? இவரு காலையிலேர்ந்து பாத்துட்டிருக்காரு" என்றாள் தங்கை.

"வராதும்மா. நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன். முதல் மூலையோட நின்னுடும்."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். அவரும் பின்னாலேயே போனார். வண்டி நின்ற மூலைக்கு வந்ததும் மூச்சு வாங்க மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இவரைத் தள்ளிட்டு வர ஏழு நிமிஷம் ஆகுதுண்ணா" என்றாள்.