கடைசி வீட்டம்மா

திரையில் இரண்டு வரைபடங்களை அருகருகே விரித்ததும் அவள் விரல் முதலில் தேடுவது கடைசி வீட்டை. எந்த வாசலிலிருந்து கிளம்பினால் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அதிகம் நடக்க வேண்டுமோ, அந்த வீடு. கண்டதும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி. "இதோ இருக்காரு நம்மாளு" என்பாள், கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டவள் போல.

நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம். தெருக்களுக்கு நடுவே வீடுகளை எப்படி அடுக்கினால் மனிதர்கள் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்வது வேலை. மற்றவர்கள் சராசரி எடுப்பார்கள். அவளுக்கு அது ஆகவே ஆகாது. "சராசரி வீட்ல யாருங்க குடியிருக்கா? விலாசம் குடுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். கடைசி வீட்டம்மா என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். மேசைக்குப் பெயர்ப்பலகை செய்ய வந்தவரிடம் அதையே எழுதச் சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடுவில் ஒரு சந்துகூட இல்லாத நீண்ட வீட்டு வரிசை ஒன்றை வரைந்தவள் அவள்தான். மனைகள் கூடுதலாகக் கிடைத்தன, பாராட்டும் கிடைத்தது. பிறகு கல்யாணமாகிக் குடிபோனது அதே வரிசையில், இரண்டு முனைக்கும் எட்டாத நட்டநடு வீட்டுக்கு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை. கடைக்காரம்மா தும்மினால் இவள் சமையலறையில் கேட்கும். சுற்றிக்கொண்டு போனால் பதினோரு நிமிஷம். "என் வீட்டுக்காரி போட்ட ப்ளான், நான் நடக்கிறேன்" என்று பையை எடுக்கும்போதெல்லாம் கணவர் சொல்வார். அவருக்கு இன்னும் அலுக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு புதிய குடியிருப்புக்கும் அதே நீள வரிசை வந்தது. நடுவில் ஒரு நடைசந்து விட்டால் கடைசி வீட்டின் நடை பாதியாகும் என்று காட்டினாள். நான்கு வீடுகள் போய்விடுமே என்றார் புதிதாக வந்திருந்த மேலதிகாரி. படத்தில் அந்தத் தூரம் கையகலம்கூட இல்லை, இதற்கா இவ்வளவு என்று சிரித்தார். திங்கட்கிழமை கையெழுத்து. சுவர் எழும்பிவிட்டால் பிறகு எந்தக் கொம்பனாலும் திருத்த முடியாது. அவள் வாதாடவில்லை. சனிக்கிழமை மனையைப் பார்த்துவிட்டு வரும் வழியில், வீட்டில் ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம் என்று அவரை அழைத்தாள்.

அடுப்பில் தண்ணீர் வைத்த பிறகு சர்க்கரை இல்லை என்றாள். எழுந்த கணவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். இவருக்கு முட்டி வலி. கடை அதோ, சுவத்துக்குப் பின்னாலதான். ஒரு எட்டு போயிட்டு வந்துடறீங்களா?"

ஜன்னல் வழியே தெரிந்த கடைக் கூரையைப் பார்த்துவிட்டு, அவர் சந்தோஷமாகவே கிளம்பினார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோராவது நிமிஷம் பின்சுவரோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கச் சர்க்கரை கேட்கும் குரல்.

"வந்துட்டீங்களா சார்?" என்றாள் சுவரைப் பார்த்து. "இன்னும் பாதி தூரம் இருக்கு."



சட்டை முதுகோடு ஒட்ட அவர் திரும்பி வந்தபோது டீ தயாராக இருந்தது. பக்கத்திலேயே விளிம்புவரை நிறைந்த சர்க்கரை டப்பா. அதைப் பார்த்தார். பாதி டீயைக் குடித்துவிட்டு, "அந்தப் படத்தைக் கொண்டாங்கம்மா. சந்து எங்க வரணும்?" என்றார்.

அவள் பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினாள். சுருட்டிக்கொண்டு எழும்பிய தாளின் முனைமேல், அவர் வாங்கி வந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.