கையுறைத் தாளில் எழுதிய எண்கள்

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா உயிர் போற வலி. இப்பச் சொல்லுங்க, எவ்வளவு?"

கேட்டுவிட்டு, கையுறை சுற்றி வந்த காகிதத்தை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக நிற்பார் எங்கள் வார்டு நர்ஸ். என் எதிர்க்கட்டில்காரர் லாரி ஓட்டுநர். எதிலும் பேரம் பேசுகிற ஆள். "ஆறரைன்னு போட்டுக்குங்க சிஸ்டர்" என்பார்.

"அரையெல்லாம் கிடையாது. ஆறா, ஏழா?"

"சரி, உங்களுக்காக ஆறு."

"எனக்காக வேண்டாம். உங்க காலைக் கேட்டுச் சொல்லுங்க."

ஓட்டுநர் தம் காலைச் சிறிது நேரம் முறைத்துப் பார்ப்பார். "ஏழு" என்பார்.

அறுவை சிகிச்சை வார்டில் புண்களுக்குக் கட்டு மாற்றுவது இவருடைய வேலை. பத்தொன்பது வருடமாக இதுதான். அச்சடித்தாற்போன்ற கையெழுத்து என்பதால் எல்லோருக்கும் இவர் அச்சு சிஸ்டர். டாக்டர்கள் கிறுக்கிய சீட்டு புரியாவிட்டால் மருந்தகத்திலிருந்து இவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் உப்பு டப்பாவின் மேல்கூட 'உப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம். "தொறந்து பாத்தாலே தெரியுமேன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறார். சர்க்கரையை அள்ளிக் கொழம்புல போட்டது யாரு, நானா?"

இவர் ஆராய்ச்சிக்குள் நுழைந்தது ஒரு தொலைபேசி அழைப்பால். ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்த கட்டின்மேல் உப்புநீரை ஊற்றிய நேரம், தொலைபேசியில் யாரோ அவசரமாக அழைக்க, போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து எடுத்தால், துணி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நோயாளி "ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாராம். சிஸ்டர் நேரே தலைமை மருத்துவரிடம் போய், "இனிமே எல்லாருக்கும் இப்படியே ஊறவெச்சு எடுக்கலாமா சார்?" என்றிருக்கிறார்.

"ஒருத்தருக்குச் சரியா வந்தாப் போதுமா சிஸ்டர்? நிரூபிக்கணுமே."

"அப்ப நிரூபிங்க சார்."

"கேள்வி உங்களோடது. நீங்களே பண்ணுங்க. நான் கூட இருக்கேன்."

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயை ஆட்டிப் பார்ப்பவர்கள் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். நாற்பத்தேழு வயதில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். நெறிமுறைக் குழு அவர் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாம் தடவை அனுமதித்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, கடைசியில் சொந்தமாக ஒன்று சேர்ப்பார்: "வேண்டாம்னு சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். கட்டு அதே மாதிரிதான் போடுவேன்." பிறகு ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார். சீட்டுக் குலுக்கல் மாதிரி, அதில் வந்தபடி ஊறவைத்தோ உடனேயோ கட்டை எடுப்பார். எனக்கு வந்தது ஊறவைப்பது.

பணி முடிந்ததும் அன்றைய கையுறைத் தாள்களைப் பரப்பிக்கொண்டு மேசையில் உட்கார்வார். ஆராய்ச்சிப் படிவத்தில் எண்களை முத்து முத்தாக எடுத்து எழுதுவார். தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. நாற்பத்தொரு பேர், ஆளுக்கு ஐந்து கட்டு. போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து தணிக்கைக்கு ஓர் அம்மாள் வந்தார். என் கட்டில் மேசைக்குப் பக்கத்தில் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. இதுக்கு முன்னாடி எதுல எழுதினீங்க?"

"கையுறைத் தாள்ல. கிழிச்சுப் போட்டுட்டேன். அதான் சுத்தமா எடுத்து எழுதியாச்சே!" சிஸ்டர் குரலில் பெருமை.

வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்களுக்கு அந்தத் தாள்தான் வேணும் சிஸ்டர். நோயாளி சொன்னதும் முதல்ல எதுல எழுதறீங்களோ, அதுதான் ஆதாரம். அது இல்லாம இந்த நாப்பத்தொரு பேரையும் நான் எப்படி ஏத்துக்கறது?"

சிஸ்டர் குப்பைக் கூடையைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளைய நர்ஸ் கிசுகிசுத்தாள்: "கையுறைத் தாளுக்கா பஞ்சம்? நாலு பேரு உக்காந்தா எழுதிடலாம்க்கா."

"வாயை மூடு. அவங்க பட்ட வலியை நான் உக்காந்து எழுதறதா?"

"வேற எங்கயாவது குறிச்சிருக்கீங்களா?" என்று வந்தவர் கேட்டார். இல்லை என்று சிஸ்டர் தலையாட்டும்போதே எதிர்க்கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அப்ப இது என்ன சிஸ்டர், கால்மாட்டுல தொங்குதே?"

கட்டில் அட்டை! நாடி, காய்ச்சல், கட்டு மாற்றிய நேரம், வலி எத்தனை என்று அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற நர்ஸுக்காக அங்கேயே நின்று எழுதுவது. "அது தினமும் எழுதறதாச்சே. அதையெல்லாமா கேப்பாங்க?" என்றார் சிஸ்டர். பத்தொன்பது வருடப் பழக்கம். எழுதுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

வீட்டுக்குப் போனவர்களின் அட்டைகள் பதிவறையிலிருந்து வந்தன. பிற்பகல் முழுவதும் ஒப்பிட்டார்கள். அந்த அம்மாள் "சரி, சரி" என்று சொல்லச் சொல்ல, எனக்கே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அட்டைகளையே ஆதாரமா வெச்சுக்கலாம். தாளைக் கிழிச்சதை மட்டும் ஒரு கடிதமா எழுதிக் கொடுத்துடுங்க" என்று தீர்ப்பும் வந்தது. சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். லாரி ஓட்டுநர் கைதட்டினார்.

ஒன்றே ஒன்றுதான் ஒத்துப்போகவில்லை. அது என்னுடையது. அட்டையில் எட்டு, படிவத்தில் ஆறு; எடுத்து எழுதும்போது பிசகியிருக்கிறது. ஊறவைத்தும் எனக்கு எட்டு வலித்த நாள் அது. அவர் கேள்விக்கு உதவட்டுமே என்று ஆறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிஸ்டர் கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க பேசாதீங்க. அன்னிக்குச் சொன்னதுதான் செல்லும்."

"அழிக்காதீங்க, புதுப் படிவமும் எழுதாதீங்க. பழசு தெரியற மாதிரி ஒரே கோடு" என்றார் வந்தவர்.

சிஸ்டர் ஆறின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எட்டு எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டார். பிறகு படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடித்த ஆறு நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தார்.